ஜரிகையை உரசிப் பார்க்கிறோம், வண்டலை?

காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் கடையில் என்ன செய்வார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் மனசு ஆறும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் எக்ஸ்ரே கதிர்க் கருவி இருக்கிறது. வெள்ளி எத்தனை பங்கு, செம்பு எத்தனை பங்கு, மேலே ஏறிய தங்கம் எத்தனை பங்கு என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். அந்தத் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதையும் விடாமல் அளக்கிற ஊர் இது.

இதே ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, வேகவதி ஆற்றோரம் ஒரு வயலில் போன கோடையில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வருஷமாக ரசாயன உரம் போடாத நிலம். வயல்காரர் ஏரி வண்டல் பத்து டிராக்டர் அடித்து வைத்திருந்தார். கையில் ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"அண்ணே, பஞ்சகவ்யா நானே போடுறேன், அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்த வண்டல்ல என்ன இருக்குன்னு யாரு சொல்லுவா? ஊர்த் தண்ணி, சாயத் தண்ணி எல்லாம் ஏரியிலதானே வந்து நிக்குது?"

மோந்து பார்த்தேன். மண் வாசம்தான். வேறு பதில் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மக்காத நஞ்சு

பூச்சிமருந்து தெளித்த நிலத்தை மூன்று வருஷம் இயற்கைக்கு மாற்றினால் நஞ்சு குறைகிறது. நுண்ணுயிர்கள் உடைக்கின்றன, வெயில் சிதைக்கிறது. ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் இவையெல்லாம் தனிமங்கள். எந்த மண்புழுவாலும் இவற்றை உடைக்க முடியாது. ஒருமுறை வந்தால் நிலத்திலேயே இருக்கும், அல்லது பயிர் வழியாக நம் தட்டுக்கு வரும்.

எங்கிருந்து வருகின்றன? பாறை பாஸ்பேட்டில் காட்மியம் இயற்கையாகவே உண்டு. அதிலிருந்து செய்யும் ரசாயன உரத்திலும் அது தொடரும். குரோமியமும் கோபால்ட்டும் சேர்ந்த சாய வகைகள் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏறக்கூடியவை. பழைய பெயின்ட், பேட்டரி, சாலைத் தூசு வழியாக ஈயம் வரும்.

நம் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெற்றிலைக்கும் திராட்சைக்கும் அடிக்கிற போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு. இயற்கை வேளாண்மை விதிகள் அதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. ஐரோப்பாவில் ஏழு வருஷத்துக்கு எக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

நகரக் குப்பை உரத்தையும் பார்ப்போம். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிலோ நகரக் கம்போஸ்ட்டில் ஈயம் 100 மில்லிகிராம், குரோமியம் 50, காட்மியம் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். சட்டத்துக்கு உட்பட்ட உரத்தையே ஏக்கருக்கு 5 டன் போட்டாலும் வரம்பின் உச்சியில் அரை கிலோ ஈயமும் 25 கிராம் காட்மியமும் நிலத்தில் இறங்கும். ஒரு வருஷத்தில் பெரிதாகத் தெரியாது. ஏக்கரின் மேல் அரையடி மண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ, அதில் கரைந்துவிடும். இருபது வருஷம் இதையே செய்தால்? வரவு மட்டுமே உள்ள கணக்கு அது.

மண் வள அட்டை இதைச் சொல்லாதா என்று கேட்பீர்கள். 2015ல் தொடங்கிய அந்த அட்டையில் 12 விவரங்கள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்கிற அட்டை அது. ஈயமும் காட்மியமும் குரோமியமும் அதில் கிடையாது. இயற்கைச் சான்றிதழும் பெரும்பாலும் நாம் எப்படி விவசாயம் செய்கிறோம் என்பதைப் பார்ப்பதுதான். மண்ணுக்குள் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதை அல்ல.

பாலாறு கற்றுக்கொடுத்தது

வேகவதியும் செய்யாறும் பாலாறும் திருமுக்கூடலில் கலக்கின்றன. அந்தப் பாலாற்றில் மேலே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிடுவதற்குக் குரோமிய உப்பு பயன்படுகிற ஊர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஆய்வு சொல்வதை எடுத்துக் காட்டியது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் மலைபோல் விட்டுச்செல்லப்பட்டது. ஆலை மூடியது, கழிவு மூடவில்லை.

அங்கே உழவர்கள் முதலில் கண்டது கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதையும் தென்னை காய்க்காததையும். அதாவது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முற்றிய பிறகுதான் பேச்சே தொடங்கியது. அளவு காட்டும் கருவி ஊரிலேயே இருந்திருந்தால் பத்து வருஷம் முன்பே கேள்வி கேட்டிருக்கலாம்.

ஜப்பானிலும் இதே கதைதான். ஜின்சு ஆற்றின் மேலே கமியோகா சுரங்கம். அதிலிருந்து வந்த காட்மியம் நெல் வயலில் பாய்ந்து, அந்த அரிசியைச் சாப்பிட்ட பெண்களின் எலும்பு நொறுங்கியது. 'வலிக்குது வலிக்குது' என்று அவர்கள் அலறியதே 'இட்டாய் இட்டாய்' என்று நோயின் பெயரானது. 1968ல்தான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

எவ்வளவு சின்ன அளவு?

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். புரிகிற மாதிரி சொன்னால், பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரி பத்து. அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஈயம். அதுதான் எல்லை. காட்மியத்துக்கு வரம்பு 0.003 மில்லிகிராம், இன்னும் மூன்றில் ஒரு பங்கு.

இதை அளக்கப் பெரிய ஆய்வகங்களில் கோடி ரூபாயைத் தொடுகிற கருவிகள் உண்டு. அணு அணுவாக எண்ணுகிற அளவுக்குத் துல்லியம். ஆனால் அது நம் ஏரிக்கரைக்கு வராது. மாதிரியைப் பெட்டியில் கட்டி அனுப்பி, முடிவு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு ஏரியில் இருபது இடத்தில் எடுத்துப் பார்க்கச் செலவு தாங்காது.

இந்த இடத்தில்தான் மின்முனை வருகிறது.

உண்டியல் கணக்கு

சர்க்கரை நோய்க்கு விரலில் குத்தி ஒரு பட்டையில் ரத்தம் வைக்கிறோமே, அந்தப் பட்டையின் மேல் இருப்பது மின்முனைதான். உலோகத்தை அளக்கிற கருவியும் அதே குடும்பம். கொஞ்சம் அமிலம் சேர்த்த தண்ணீரில் மூன்று மின்முனைகளை வைக்கிறார்கள்: ஒன்று வேலை செய்கிறது, ஒன்று அளவுகோல், ஒன்று மின்சுற்றை முடிக்கிறது.

ஏகாம்பரநாதர் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் காசு விழுகிறது. பிறகு ஒருநாள் திறந்து, ஒரு ரூபாய் தனி, ரெண்டு ரூபாய் தனி, பத்து ரூபாய் தனி என்று பிரித்து எண்ணுகிறார்கள். இங்கேயும் இரண்டு கட்டம்தான்.

முதல் கட்டத்தில் மின்முனைக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்து, தண்ணீரைக் கலக்கியபடி சில நிமிடம் விடுவார்கள். தண்ணீரில் மின்னூட்டத்தோடு திரியும் ஈய அயனியும் காட்மிய அயனியும் அதன்மேல் உலோகமாகப் படியும். இரண்டாம் கட்டத்தில் மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்துவார்கள். ஒவ்வொரு உலோகமும் அதற்கே உரிய அழுத்தத்தில் மீண்டும் கரையும். வெள்ளி குளோரைடு அளவுகோலுக்கு எதிரே பார்த்தால், மைனஸ் 0.8 வோல்ட்டை ஒட்டிக் காட்மியம், மைனஸ் 0.5 ஒட்டி ஈயம், சுழியத்தின் பக்கத்தில் செம்பு. கரையும்போது ஒரு மின்னோட்டம் எழும். படத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். முகடு நிற்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்லும்; முகட்டின் உயரம் எவ்வளவு என்று சொல்லும்.

சிறுகச் சேர்த்து ஒரே வீச்சில் எண்ணுவதால்தான் பத்து லாரித் தண்ணீரில் ஒரு கிராம் என்கிற அளவையும் அதனால் பிடிக்க முடிகிறது. மின்முனையால் கரைசலை ஆராய்கிற இந்த வழியின் தொடக்கம் 1922ல் செக் நாட்டு வேதியியலர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. 1959ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்தியது சொட்டுச் சொட்டாக விழும் பாதரசம். ஒரு நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னொரு நஞ்சு! 2000ல் ஜோசப் வாங் என்பவரும் அவரது குழுவினரும் பாதரசத்துக்குப் பதில் பிஸ்மத் பூசிய கரி மின்முனையே போதும் என்று காட்டினார்கள். பிஸ்மத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. வயிற்று மருந்தில்கூட அது சேர்கிறது.

படிகாரம் கொடுத்த நூல் மாதிரி

வெறும் கரி மின்முனைக்கு ஒரு குறை. எது வந்தாலும் படியவிடும். வேண்டியதைத் தேடிப் பிடிக்காது. இதற்கு விடை நம் சாயப்பட்டறையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து இயற்கைச் சாயம் வெறும் நூலில் நிற்காது. முதலில் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும். படிகாரம் நூலைப் பிடித்துக்கொள்ளும், சாயம் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மின்முனைக்கும் அப்படியே மேல்பூச்சு கொடுக்கிறார்கள். அதன் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை ஒட்டவைக்கிறார்கள். கந்தகம் உள்ள மூலக்கூறு என்றால் பாதரசத்தை இறுகப் பிடிக்கும். நேர்மின்னூட்டம் உள்ள பூச்சு கொடுத்தால், எதிர்மின்னூட்டத்தோடு வரும் ஆறு இணைதிறன் குரோமியம் வந்து சேரும். ஆர்சனிக்குக்குத் தங்கப் பரப்பு நன்றாக வேலை செய்யும். களிமண், கிராபீன், நானோ தங்கத் துகள் என்று எத்தனையோ பூச்சுகள் வந்துவிட்டன. 'வேதிமாற்றம் செய்த மின்முனை' என்ற பெயர் 1975ல் அமெரிக்காவில் ராய்ஸ் முர்ரே குழுவினரின் ஆய்விலிருந்து நிலைத்தது.

நமக்குப் பிடிக்கிற ஒரு சேதி: 1988ல் பாசியைக் கரிப் பசையோடு பிசைந்து மின்முனை செய்து, அது செம்பைச் சேர்த்துப் பிடிப்பதைக் காட்டினார்கள். குளத்துப் பாசி உலோகத்தை உறிஞ்சும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் குணத்தையே கருவிக்குள் கொண்டுபோனார்கள்.

இது எங்கோ நடக்கிற வேலை இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 பொங்கல் அன்று காரைக்குடியில் திறக்கப்பட்டது. மின்வேதியியலுக்கென்றே நாட்டில் உள்ள பெரிய நிலையம் அது. பாலாற்றங்கரை வேலூரில் உள்ள வி.ஐ.டி.யிலும் மாற்றம் செய்த மின்முனைகள் பற்றிய ஆய்வு நடக்கிறது. வெளிநாட்டில் இது ஆய்வோடு நின்றுவிடவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பார்க்க, இரண்டு துளி ரத்தத்தில் அளக்கும் சிறு கருவி மருத்துவமனைகளில் இருக்கிறது. குடிநீரில் ஈயம் அளக்க இந்த முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஏற்றிருக்கிறது. 2011ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 டாலருக்கும் குறைந்த செலவில் செய்யக்கூடிய கருவியின் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்தார்கள். விதை போலத்தான் இதுவும். பொதுவில் இருந்தால்தான் நமக்குப் பயன்.

எங்கே ஏமாற்றும்?

கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பட்டு நூலின் பசையை நீக்க அதைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். அந்தச் சோப்பு கலந்த நீர் மின்முனைமேல் படிந்து அதை மூடிவிடும். முகடு சின்னதாகத் தெரியும், உலோகம் இல்லை என்று நினைத்துவிடுவோம். மட்கிய மண்ணின் கரிமப் பொருளும் இதையே செய்யும். இதற்காக நாஃபியான் என்ற மென்படலத்தைப் பூசுகிறார்கள், அல்லது மாதிரியை அமிலத்தில் நன்றாகச் செரிக்க வைக்கிறார்கள். தெரிந்த அளவு ஈயத்தை அதே மாதிரியில் சேர்த்து மறுபடி அளந்து சரிபார்க்கவும் வேண்டும்.

ஆனால் ஒரு நன்மையும் இருக்கிறது. பெரிய ஆய்வகம் பெரும்பாலும் மண்ணில் உள்ள மொத்த உலோகத்தைச் சொல்லும். மின்முனை, மாதிரியைச் செரிக்காமல் பார்த்தால், தண்ணீரில் விடுபட்டுத் திரிகிற பகுதியைச் சொல்லும். வேர் எளிதாக எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். ஆகவே முதல் வடிகட்டலுக்கு ஊரில் மின்முனை, சந்தேகம் வந்த மாதிரிக்கு மட்டும் பெரிய ஆய்வகம் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், நேரமும் மிஞ்சும்.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது

1. வண்டலோ நகரக் கம்போஸ்ட்டோ அடிக்கும் முன்பு மாதிரி எடுங்கள், அடித்த பிறகு அல்ல. பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழம்வரை எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கை ஒதுக்கி, அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். இரும்பு மண்வெட்டி வேண்டாம். மூங்கில் அல்லது பிளாஸ்டிக் கரண்டி போதும்.

2. தண்ணீர் மாதிரிக்கான பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். சாதாரண பாட்டிலின் சுவரில் உலோகம் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்து காட்டும்.

3. "மண் பரிசோதனை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக், பாதரசம் என்று பெயர் எழுதிக் கேளுங்கள். குரோமியம் என்றால் ஆறு இணைதிறன் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நஞ்சு அதில்தான் அதிகம்.

4. உலோகம் இருப்பது தெரிந்தால் அந்த நிலத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம். இலையிலும் கிழங்கிலும்தான் பொதுவாக அதிகம் சேரும். பூ, பருத்தி, மரப்பயிர் போடலாம்.

5. மட்கிய உரம் இங்கே நம் கூட்டாளி. ஈயத்தையும் செம்பையும் அது பிடித்துவைக்கும். ஆறு இணைதிறன் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றவும் உதவும். அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போடுங்கள், காட்மியம் அடங்கும்.

6. நெல்லில் தண்ணீர் நிர்வாகம் முக்கியம். வயலைக் காயப் போட்டுப் பாய்ச்சினால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். எப்போதும் நீர் நின்றால் தலைகீழ். எது இருக்கிறது என்று தெரியாமல் ஒற்றை நாற்று நடவில் இதை முடிவு செய்ய முடியாது.

கேட்க வேண்டியது

தனி உழவர் ஒவ்வொருவரும் ஆய்வகத்துக்கு அலைய முடியாது. ஊர் கூடிக் கேட்க வேண்டியது மூன்று. வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கிற இடத்திலேயே அந்த ஏரியின் உலோக அளவும் ஒட்டப்பட வேண்டும். மண் வள அட்டையில், குறைந்தபட்சம் ஆலை, சாயப்பட்டறை, நகரக் கழிவு சேரும் ஊர்களிலாவது, கன உலோகத்துக்கு ஒரு பத்தி வேண்டும். நம் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் கண்டுபிடித்த மின்முனைகளில் ஒன்றாவது ஆய்வுத்தாளை விட்டு இறங்கி வட்டார வேளாண் விரிவாக்க மையத்தின் மேசைக்கு வர வேண்டும். மண் பரிசோதனை வண்டி ஊருக்கு வரும்போது அதிலும் ஒன்று இருக்கட்டும்.

சாயப்பட்டறைக்காரரும் நெசவாளியும் நமக்கு எதிரி இல்லை. சாயத் தண்ணீரில் முழங்கை வரை நனைபவர்கள் அவர்கள். அந்த அளவு அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வேகவதி ஓர வயல்காரர் வண்டலை இன்னும் பரப்பவில்லை. வரப்போரம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, அரை கிலோ மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார். போன வாரம் போனில் சொன்னார்: "முடிவு வரட்டும்ணே. எட்டு வருஷம் காத்த மண்ணு. இன்னும் ஒரு மாசம் காத்தா என்ன?"